ஆவுடையப்பன் கால் ஊன்றாமல் வண்டி ஓட்டிய வரலாறு

மோட்டார் சைக்கிள் என்பது உட்கார்ந்து போகும் வாகனம் என்று ஒரு நம்பிக்கை நம் மக்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். மோட்டார் சைக்கிள் விற்பவர்களே நம்புகிறார்கள் என்பதுதான் வேதனை. காலம் கடந்தாவது இந்தப் பிழையைத் திருத்த வேண்டியது என் கடமை. உட்கார இடமே இல்லாத மோட்டார் சைக்கிள் உண்டு. அதற்கு டிரையல்ஸ் வண்டி என்று பெயர். பாறை, பள்ளம், ஓடை, மரவேர் என்று மனிதன் நடக்கவே தயங்கும் இடங்களில் அதை நின்றுகொண்டு ஓட்டுவார்கள். வேகமாகப் போனவருக்குப் பரிசு கிடையாது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடி வரை கால் தரையில் படக் கூடாது.

முட்டாள்கள் யோசிக்காமல் காரியம் செய்வார்கள் என்று இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. அதைத் திருத்த நான் தனியாக வாதாட வேண்டியதில்லை. குறும்பாறையில் நடந்ததைச் சொன்னால் போதும்.

குறும்பாறை மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்கே ஆவுடையப்பன், கோமதிநாயகம், தைரியநாதன், இசக்கிமுத்து என்று நான்கு பேர் ஒரே அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்கள். அது எந்த அலுவலகம் என்பது முக்கியமல்ல. அங்கே வேலை பார்த்தவர்களுக்கே கடைசி வரை அது தெளிவாகத் தெரியவில்லை. கோமதிநாயகம் உத்தரவு எழுதுவார். தைரியநாதன் அதைப் படி எடுப்பார். ஆவுடையப்பன் கையெழுத்துப் போடுவார். கடைநிலை ஊழியரான இசக்கிமுத்து அதை நிறைவேற்றுவார். எழுதியதற்கு மேலே ஓர் அணுவும் செய்ததில்லை, கீழே ஓர் அணுவும் விட்டதில்லை. ஒருமுறை, ‘கதவைச் சாத்திய பின் வெளி விளக்கை அணைக்கவும்’ என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வாரம் கதவைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொண்டுபோயிருந்தார்கள். கதவு திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் விளக்கு இரவு பகலாக எரிந்தது. நால்வருக்கும் அதற்காகப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது.

ஆவுடையப்பனுக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணமான ஒன்பதாம் நாள், புது மனைவி உலகம்மாளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப்போய் வாழைத்தோட்டத்து வாய்க்காலில் இறக்கினார். உலகம்மாள் பட்டுச்சேலையோடு சேற்றிலிருந்து எழுந்து சொன்னது ஒரே வார்த்தை: “வித்திருங்க.” விற்றுவிட்டார். அதற்குப் பிறகு சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மனிதர் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். முப்பத்துமூன்று வருடம் இப்படிப் போயிற்று.

ஓய்வு பெற்ற மறுமாதம் அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“அறுபத்தொரு வயசுல என்னத்துக்கு?” என்றாள் உலகம்மாள்.

“ஒரு தடவை ஓட்டணும் போல இருக்கு.”

“வாங்கிக்கிடுங்க. ஆனா ஒரே ஒரு தடவை விழுந்தீங்க, அன்னைக்கே அது இந்த வீட்டைவிட்டுப் போயிரணும். அழுதாலும் விடமாட்டேன்.”

ஆகவே அவருக்கு விழாத வண்டி ஒன்று தேவைப்பட்டது. மலைமேல் காப்பித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த லோபோ என்ற பெரியவர் தன்னிடம் இருக்கும் பழைய வண்டியை விற்கப்போவதாகத் தகவல் வந்தது. ஆளே நடக்க முடியாத பாறையில் ஏறும், மெதுவாகப் போகும், கால் ஊன்ற வேண்டியதே இல்லை என்றார்கள். நால்வரும் கலந்து பேசி, விழுவதற்கென்றே இருக்கும் இடங்களில் விழாத வண்டி மற்ற இடங்களில் எப்படி விழும் என்று முடிவு செய்து, காலை பஸ்ஸில் மலைக்குப் போனார்கள்.

லோபோ படுதாவை விலக்கினார். ஐம்பத்தொரு வருடம் முன்னால் ஸ்பெயினில் செய்த வண்டி. வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. நால்வரும் அதைச் சுற்றி வந்தார்கள்.

“சீட்டைக் காணோமே,” என்றார் தைரியநாதன், மெல்லிய குரலில்.

“யாரோ கழட்டிட்டுப் போயிருக்கான்,” என்றார் கோமதிநாயகம். “லோபோ சார், போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா?”

“சீட்டே கிடையாது சார். நின்னுக்கிட்டுத்தான் ஓட்டணும். முதல் கொடியில இருந்து கடைசிக் கொடி வரைக்கும் கால் தரையில பட்டாலே விழுந்ததுக்குச் சமம்.”

“அப்படி உத்தரவா?”

“உத்தரவுன்னே வெச்சுக்கோங்க,” என்றார் லோபோ. பாவம், அவருக்கு இவர்களைப் பற்றித் தெரியாது. வண்டி கைமாறும் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு யோசனை சொன்னார். “இது ஒரிஜினல். ஒரு நட்டுகூட மாத்தலை. நீங்களும் எதையும் மாத்தாதீங்க, இருக்கிற மாதிரியே வெச்சிருங்க. அப்புறம், எந்தப் பாதையில வண்டியை விடப்போறீங்களோ அந்தப் பாதையை முதல்ல நடந்து பாத்திரணும். எங்க காலத்துல சாம்பியனே நடந்து பாத்துட்டுத்தான் வண்டியில ஏறுவான்.”

இரண்டையும் தைரியநாதன் எழுதிக்கொண்டார்.

வண்டியைக் குறும்பாறைக்கு ஓட்டிப்போவதாகத் திட்டம். குறும்பாறை இருபத்துமூன்று கிலோமீட்டர். நால்வரும் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்தையும் ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார், தைரியநாதன் அதற்கு எண் கொடுத்தார். பதினோராவது வளைவில் இசக்கிமுத்துவின் செருப்பு அறுந்தது. பொழுது சாயும் நேரத்தில் நால்வரும் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், பாதை ஓட்டுவதற்கு ஏற்றதுதான் என்ற திருப்தியோடு.

“வண்டி எங்க?” என்றாள் உலகம்மாள்.

“மேல இருக்கு.”

“அப்ப நீங்க ஏன் கீழ இருக்கீங்க?”

இது யாருக்கும் தோன்றாத கேள்வியாக இருந்தது. மறுநாள் காலை மலைக்குப் புறப்படும்போது, ராத்திரியில் புதுப் பள்ளம் விழுந்திருந்தால் என்ன செய்வது, மறுபடியும் நடக்க வேண்டுமல்லவா என்று தைரியநாதன் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கணக்குப்படி வண்டி ஒருநாளும் கீழே இறங்காது என்பது உலகம்மாளுக்குப் புரிந்தது. அவளே காய்கறி ஏற்றப் போகும் லோடு வேனுக்குச் சொல்லி அதைக் கொண்டுவரவைத்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தும் மனிதரோடு முப்பத்துமூன்று வருடம் குடித்தனம் செய்தவள் அவள்.

வண்டி வந்த பிறகு பதினொரு நாள் அது நகரவில்லை. முன்சக்கரத்துக் கம்பிக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. சக்கரம் உருண்டால் வலை அறுந்துவிடும்.

“ஒரு நட்டுகூட மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு,” என்றார் தைரியநாதன்.

“சிலந்தி நட்டு இல்லியே வே,” என்றார் ஆவுடையப்பன்.

“‘எதையும்’னு சொல்லியிருக்காரு. எழுதி வெச்சிருக்கேன்.”

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “முதல்ல இது கம்பெனியிலயே வந்த சிலந்தியா, பின்னால சேந்த சிலந்தியா, அதைச் சொல்லும். கம்பெனிச் சிலந்தின்னா தொடக் கூடாது.”

“ஸ்பெயின் சிலந்தி எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்றார் ஆவுடையப்பன்.

“லோபோ சாருக்குப் போன் போடட்டா?” என்றார் இசக்கிமுத்து.

போட்டார்கள். ஒரிஜினல் சிலந்தியை எப்படி அடையாளம் காண்பது என்று கோமதிநாயகம் கேட்டார். லோபோ போனை வைத்துவிட்டார். அவர் உறுதியாக மறுக்கவில்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் உலகம்மாள் வாசல் பெருக்கும்போது விளக்குமாற்றை ஒரு வீச்சு வீசினாள். சிலந்தி விருப்ப ஓய்வில் சென்றதாகத் தைரியநாதன் எழுதிவைத்தார்.

இனி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால், மனைவி போட்ட நிபந்தனை வாய்வார்த்தையாக இருப்பது கோமதிநாயகத்தை உறுத்தியது.

“நாளைக்கு மதினி மாத்திப் பேசினா நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு? எழுத்துல இருக்கட்டும்,” என்று வெள்ளைத்தாளை எடுத்தார்.

“முதல் தரப்பு யாரு?” என்று கேட்டார் தைரியநாதன், பேனாவைத் திறந்தபடி.

“ஆவுடையப்பன்.”

“ரெண்டாம் தரப்பு?”

கோமதிநாயகம் உலகம்மாளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். “மதினி விழப்போறதும் இல்ல, வெளிய போகப்போறதும் இல்ல. சம்பந்தப்பட்டது இவரும் வண்டியும்தான். ரெண்டாம் தரப்பு வண்டி. மதினி சாட்சி.”

“வண்டி எப்படி வே கையெழுத்துப் போடும்?”

“படிக்காதவங்க எப்படிப் போடுவாங்க? டயர்ல மை தடவி உருட்டும்.”

“சரி. ஆவுடையப்பன் விழுந்தா வண்டி வீட்டைவிட்டுப் போகணும். எழுதியாச்சு.”

“அது எப்படி வே போதும்?” கோமதிநாயகம் கையை உயர்த்தினார். “ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் தண்டனைன்னா அதுக்குப் பேரு மெமோ. இப்படி எழுதும்: முதல் தரப்பு விழுந்தால் இரண்டாம் தரப்பும், இரண்டாம் தரப்பு விழுந்தால் முதல் தரப்பும், அன்றைய தினமே வீட்டைவிட்டு வெளியேற வேண்டியது.”

ஆவுடையப்பனுக்கு இது கண்ணியமாகப் பட்டது. அடுத்து, விழுவது என்றால் என்ன என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

“கால் தரையில பட்டாலே விழுந்ததுக்குச் சமம்னு லோபோ சார் சொல்லியிருக்காரு,” என்றார் இசக்கிமுத்து.

“அப்ப ரெண்டு தரப்புக்கும் அதேதான்,” என்றார் கோமதிநாயகம். “கால் தரையில் பட்டால் விழுந்ததாகக் கருதப்படும்.”

தைரியநாதன் பேனாவை நிறுத்தினார். முகம் வெளிறிவிட்டது. “அண்ணாச்சி, வண்டிக்குக் கால்னா சக்கரந்தானே? அது எப்பவும் தரையிலதானே இருக்கு? அப்ப அது செஞ்ச நாள்ல இருந்தே விழுந்துல்லா கெடக்கு!”

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, ‘வண்டியைப் பொறுத்தவரை சக்கரம் நீங்கலாக’ என்று சேர்த்தார்கள். இல்லாவிட்டால் ஆவுடையப்பன் அன்றே வெளியேற வேண்டியிருந்திருக்கும்.

உலகம்மாள் தாளை வாங்கி முழுவதும் படித்தாள். அப்படிப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

“ஏங்க, இதைப் படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடுதீங்க?”

“கோமதிநாயகம் எழுதினதை நாங்க படிச்சுப் பாத்ததே கிடையாது, உலகு. சர்வீஸ் முழுக்க அப்படித்தான்.”

அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தாளை நாலாக மடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே மெயின் ரோட்டை ஒட்டிய புடைப்பாறையில் ஓட்டம் என்று முடிவாயிற்று. பாறை ஏறி இறங்கும் தூரம் அதிகமில்லை, நாற்பது அடி. முதல் கொடியை மண்ணில் நட்டார்கள். கடைசிக் கொடியை நட முடியவில்லை. அந்தப் பக்கம் முழுக்கக் கல். எனவே அதை இசக்கிமுத்துவின் கையில் கொடுத்து, கோமதிநாயகம் எழுத்துமூலமாக உத்தரவிட்டார்: ‘ஆவுடையப்பனுக்கு நேர் முன்னால் நாற்பது அடியில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும். ஓர் அடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.’

உலகம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, நிறுத்தியிருந்த ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். கோமதிநாயகமும் தைரியநாதனும் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஆவுடையப்பன் ஒரு முக்காலியிலிருந்து அதன்மேல் ஏறி நின்றார். தைரியநாதன் கையாலேயே கிக்கரை அமுக்கினார். ஏழாவது அமுக்கலில், காரணமில்லாமல் கோபப்படும் தையல் மெஷின் போல வண்டி உறுமியது.

ஆவுடையப்பன் பாறைமேல் ஏறினார். நம்ப மாட்டீர்கள், நன்றாகவே ஏறினார். முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. உடம்பு மறந்துவிட்டதாக அவர் நினைத்ததை உடம்பு மறந்திருக்கவில்லை. உச்சியில் ஒரு நொடி நின்று, மறுபக்கம் இறங்கினார். கால் ஊன்றவில்லை. ஆட்டோவுக்குள் உலகம்மாள் தன்னையறியாமல் எழுந்து தலையை இடித்துக்கொண்டாள்.

ஆனால் கடைசிக் கொடி வரவில்லை. வண்டி ஓர் அடி முன்னால் வந்ததும் தூரம் முப்பத்தொன்பது அடியாகிவிட்டதை இசக்கிமுத்து கவனித்தார். ஓர் அடி பின்னால் வைத்தார். வண்டி வர வர அவரும் பின்வாங்கினார். பார்வையை எடுக்காமல், கொடியைத் தாழ்த்தாமல், பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து ரோட்டுக்கும் போனார்.

“நில்லும் வே!” என்று கத்தினார் ஆவுடையப்பன்.

“நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்! நீங்கதான் வந்துக்கிட்டே இருக்கீங்க!”

கடைசிக் கொடியைத் தாண்டாமல் கால் ஊன்ற முடியாது. ஊன்றினால் வண்டி போய்விடும். ஆவுடையப்பன் வண்டியை வேகமாக விட்டார். இசக்கிமுத்து பின்பக்கமாகவே ஓடினார். அப்போது பழைய தனியார் பஸ் ஒன்று அந்த வழியாக வந்தது. நடுரோட்டில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்பதைப் பார்த்து நின்றது.

“ஏறுததுன்னா ஏறும், இல்லைன்னா வழியை விடும்,” என்றார் கண்டக்டர்.

காக்கிச் சட்டை போட்டவர் சொன்ன எதையும் இசக்கிமுத்து வாழ்நாளில் மறுத்ததில்லை. ஏறிவிட்டார். பின்பக்க ஜன்னலுக்குப் போய் கொடியை வெளியே நீட்டினார். பஸ் புறப்பட்டது. ஆவுடையப்பன் பின்னால் விரட்டினார். கோமதிநாயகமும் தைரியநாதனும் ஓடிவந்து ஆட்டோவில் உலகம்மாளுக்கு இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டார்கள்.

“வேலையில இருந்தப்ப இவ்வளவு வேகமா ஓடினீங்களா?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“சும்மா இருங்க மதினி, கொடி போகுது.”

பஸ்ஸுக்குள் இசக்கிமுத்து கண்ணால் தூரத்தை அளந்துகொண்டே வந்தார். “டிரைவர் அண்ணாச்சி, மெதுவா! அம்பது அடி ஆயிட்டு! கொஞ்சம் மெதுவா!” சீட் காலியாக இருக்கிறதே, உட்காரும் என்று ஒரு பெண் இடம் காட்டினாள். நிற்கத்தான் உத்தரவு என்று மறுத்துவிட்டார். டிரைவர் என்ன நினைத்தாரோ, மெதுவாகத்தான் ஓட்டினார்.

கோமதிநாயகம் ஆட்டோவிலிருந்து போன் போட்டார். “வே இசக்கி, கொடியைக் கீழ வையும்!”

“எழுத்துல குடுங்க சார்.”

“நான்தானே வே உத்தரவு போட்டேன்!”

“போன்ல யார் வேணும்னாலும் உங்க குரல்ல பேசலாம் சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

கோமதிநாயகத்துக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆவுடையப்பனைச் சொல்ல வேண்டும். எதிர்க்காற்று சட்டையைப் பலூன் மாதிரி ஊதியது. பஸ் கக்கிய புகையெல்லாம் முகத்தில். தொடை நடுங்கியது. ஆனால் மனிதர் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உலகம்மாளுக்கு வாயசைவு தெரிந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. வண்டியை நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும். ஊன்றக் கூடாது. ஆவுடையப்பன் பஸ்ஸின் முதுகில் முட்டாத குறையாகப் போய், கூரைக்குச் சாமான் ஏற்றும் இரும்பு ஏணியை இடது கையால் பற்றிக்கொண்டார். பாதம் இரண்டும் வண்டியில்தான். இப்போது கொடி அவருக்கு முக்கால் அடி தூரத்தில் இருந்தது.

இதைப் பார்த்த இசக்கிமுத்து பதறிப்போனார். பஸ்ஸுக்குள் முன்பக்கமாக நடந்தார். டிரைவர் அருகே வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். “முப்பத்துமூணு அடிதான் வருது. ஏழு அடி குறையுது,” என்றார் கலக்கத்தோடு. டிரைவர் பஸ்ஸை ஏழு அடி நீட்ட வழியில்லை என்று பணிவாகச் சொன்னார்.

அதற்குள் ஆட்டோ வந்து சேர்ந்தது. கொடியைக் கீழே வைக்கும் திருத்த உத்தரவைத் தைரியநாதன் எழுதி முடித்திருந்தார். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கோமதிநாயகம் போட்டார், தைரியநாதன் போட்டார். தாளை ஆவுடையப்பனிடம் நீட்டினார்கள்.

“எந்தக் கையால வே போடுவேன்?” என்றார் அவர். ஒரு கையில் ஏணி, ஒரு கையில் ஹேண்டில்பார்.

“ஏணியை விடும்.”

“விட்டா விழுந்திருவேன்.”

“ஹேண்டில்பாரை விடும்.”

“விட்டா வண்டி விழுந்திரும்.”

“ஏங்க,” என்று ஆட்டோவிலிருந்து குரல் கொடுத்தாள் உலகம்மாள், “இசக்கி அண்ணனைப் பஸ்ஸைவிட்டு இறங்கச் சொன்னா ஆகாதா?”

இருவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். கேட் திறந்தது.

பஸ் கிளம்பியது. ஆவுடையப்பன் ஏணியை விடவில்லை. திடீரென்று இழுபட்டதில் எஞ்சின் அணைந்துவிட்டது. இருந்தாலும் வண்டி போய்க்கொண்டிருந்தது. பஸ் இழுத்துப் போயிற்று. இரண்டு நிறுத்தத்தில் ஆள் ஏறினார்கள். பின்னால் நின்று வருகிற பெரியவருக்கு உள்ளே இடம் இல்லையா என்று ஒருவர் கண்டக்டரோடு சண்டை பிடித்தார்.

பஸ், நிலையத்துக்குள் போய் வரிசையில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். இசக்கிமுத்து இறங்கவில்லை. ஆவுடையப்பன் ஏணியைப் பிடித்தபடி, கால் ஊன்றாமல், வியர்வையில் நனைந்து நின்றார். சுற்றிலும் கூட்டம் கூடியது. ஆட்டோவிலிருந்து மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

“கை விட்டுப்போகுது வே,” என்றார் ஆவுடையப்பன்.

“கடைசி நேரத்துல காலைக் கீழ வெச்சிராதீரு!” என்றார் கோமதிநாயகம். “இவ்வளவு தூரம் வந்தாச்சு!”

“முடியல.”

“அப்ப மேல வையும்!” என்று கத்தினார் தைரியநாதன்.

அது ஒரு தெய்வ வாக்குப் போல எல்லாருக்கும் பட்டது. மேலே கால் வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆவுடையப்பன் வலது காலை எடுத்து ஏணியின் முதல் படியில் வைத்தார். இடது காலை எடுத்து இரண்டாம் படியில் வைத்தார். விறுவிறுவென்று ஏறி பஸ் கூரைமேல் போய் நின்றார். கூட்டம் கைதட்டியது. பூ விற்கிற பெண் குலவை போட்டாள். கோமதிநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. ஆவுடையப்பன் அறுபத்தொரு வயதில், கால் தரையில் படாமல், தன் வண்டியைக் காப்பாற்றிவிட்டார். கூரைமேல் நின்று இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார்.

கீழே வண்டி, பிடிப்பதற்கு ஆளில்லாமல் ஒரு கணம் நிமிர்ந்து நின்றது. பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து, பொத்தென்று விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்தது. கோமதிநாயகம் மெல்லச் சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த தாளை எடுத்தார். பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“வண்டி,” என்றார் அவர், “ரெண்டாம் தரப்பு.”

“சக்கரம் மட்டுந்தான் தரையில இருக்கா?” என்று கேட்டார் தைரியநாதன், ஒரு நம்பிக்கையோடு.

குனிந்து பார்த்தார்கள். கைப்பிடி, கால்மிதி, சைலன்ஸர் எல்லாம் தரையில் இருந்தன. தரையில் படாதது சக்கரம் ஒன்றுதான். முன்சக்கரம் மட்டும் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?” என்று மேலிருந்து கேட்டார் ஆவுடையப்பன்.

“நீரு விழலை,” என்றார் கோமதிநாயகம். “அது விழுந்துட்டு.”

“அதனால என்ன?”

கோமதிநாயகம் தாளை உயர்த்திப் பிடித்து சத்தமாக வாசித்தார். பஸ் நிலையமே கேட்டது. வாசித்து முடித்ததும் ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தார்.

“உலகு, நீ சொல்லு.”

“நான் என்னத்தைச் சொல்ல? வெறும் சாட்சிதானே,” என்றாள் உலகம்மாள். “இறங்கி வாங்க. தூக்குல தயிர்சாதம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க.”

மேல்முறையீடு செய்யலாமா என்று அவர் கேட்டார். செய்யலாம், ஆனால் இரண்டு தரப்பும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும் என்றார் கோமதிநாயகம். வண்டி சம்மதிக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயித்த தரப்பு ஏன் சம்மதிக்க வேண்டும் என்று தைரியநாதன் கேட்டது எல்லாருக்கும் சரியாகவே பட்டது.

அன்று மாலை உலகம்மாள் ஒரு பையில் நான்கு வேட்டி, பிரஷர் மாத்திரை, சவரப்பெட்டி எல்லாம் மடித்து வைத்துக் கொடுத்தாள். ஆவுடையப்பன் தைரியநாதன் வீட்டு மாடிக்குப் போனார். வண்டியைத் துடைத்து ஹாலில், மின்விசிறிக்குக் கீழே நிறுத்தினார்கள். இசக்கிமுத்து வேறு உத்தரவு வராததால் மாடிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பதாவது அடியில் கொடியோடு நின்றார்.

அடுத்த வாரம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் படிவம்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“ரெண்டு,” என்றாள் உலகம்மாள்.

“இன்னொருத்தரு எங்க?”

உலகம்மாள் கதவை அகலத் திறந்து ஹாலைக் காட்டினாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு உலகம்மாளைக் கேட்டு, படிவத்தில் பூர்வீகம் ஸ்பெயின், வயது ஐம்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.